பூஜ்யத்திலிருந்து 1,456 கிலோமீட்டர்: ஒரு மனைப்பிரிவுப் படத்தின் நிகழ்வு ஆய்வு

செங்கல்பட்டுப் பக்கம் 10 ஏக்கர் நிலம். சர்வேயர் டி.ஜி.பி.எஸ். (செயற்கைக்கோள் வழி இடமறியும்) கருவியால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நிறுத்தி, உள்விவரங்களை டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் கருவியில்) எடுத்து, யு.டி.எம். (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) 44ஆம் மண்டலக் கோஆர்டினேட்டில் ஒரு டி.டபிள்யூ.ஜி. வரைபடக் கோப்பாகத் தருகிறார். அந்தக் கோப்பின் மேலேயே சாலை, மனை, பூங்கா எல்லாம் வரையப்படுகின்றன. பிறகு மில்லிமீட்டரில் வரைந்த ஒரு மாதிரி வீடும் வந்து ஒட்டிக்கொள்கிறது. மூன்று கை மாறியபின் படம் முரண்டு பிடிக்கத் தொடங்குகிறது.

இது யாரோ ஒருவருடைய கோப்பைப் பற்றிய புகார் அல்ல. இந்த வகைக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை ஒரே மாதிரிப் படத்தில் வைத்துப் பிரித்துப் பார்க்கிறோம். எண்கள் கணக்கிட்டு எடுத்தவை. உங்கள் தளத்தின் எண்ணைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். கட்டளைப் பெயர்கள் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளுடையவை. பிரிக்ஸ்கேட், இசட்.டபிள்யூ.கேட் போன்றவற்றிலும் பெரும்பாலானவை அதே பெயரில் கிடைக்கும்.

படத்தில் தெரிந்த கோளாறுகள்

பூங்காவுக்கு ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) போட்டால் எல்லை அகப்படவில்லை என்கிறது. அகப்பட்ட இடத்தில் கோடுகள் அப்பிக்கொண்டு கறுப்புத் திட்டாகின்றன. கிணற்றுக்குப் போட்ட வட்டம் கோணல்மாணலாகத் தெரிகிறது. அருகில் போய்ப் பார்த்தால் எழுத்துகள் நடுங்குகின்றன. கோட்டை வெட்டும் ட்ரிம் வேலை செய்கிறது, இரு கோடுகளை மூலையில் இணைக்கும் ஃபில்லெட் மறுக்கிறது. படம் முழுவதையும் திரைக்குள் கொண்டுவரும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்தால் திரை முழுக்க வெறுமை, எதிரெதிர் மூலைகளில் இரண்டு பொட்டு. நாடாவில் அளந்த பரப்பளவோடு ஒப்பிட்டால் படத்தின் பரப்பு 20 சதுர மீட்டர் குறைகிறது. போதாததற்குக் கோப்பு திறக்கவே நேரம் பிடிக்கிறது.

வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான்: “எல்லாத்தையும் செலக்ட் பண்ணி பூஜ்யத்துக்கு மூவ் பண்ணிடுங்க.” அந்த வைத்தியம் மேலே சொன்னவற்றில் இரண்டைத்தான் தீர்க்கும். கூடவே, சர்வேயரின் கோப்புக்கும் வரைவாளரின் கோப்புக்கும் இருந்த ஒரே இணைப்பை அறுத்துவிடும். தளத்தில் கல் நடும் நாளில்தான் அந்த அறுபட்ட இடம் தெரியவரும். படத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்து வேலை செய்ய வேண்டும் என்பது சரி. சர்வே கோப்பை அதற்காக நகர்த்தக் கூடாது.

எண் பெரிதானால் என்ன ஆகிறது

தளத்தின் ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய தூரம்) சுமார் 3,89,300 மீட்டர். நார்த்திங் (வடக்கு நோக்கிய தூரம்) சுமார் 14,03,000 மீட்டர். பூஜ்யப் புள்ளியிலிருந்து தூரம் ஏறக்குறைய 1,456 கிலோமீட்டர்.

டி.டபிள்யூ.ஜி. கோப்பில் ஒவ்வொரு கோஆர்டினேட்டும் 64 பிட் எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. 15, 16 இலக்கம் வரை அது தாங்கும். 14 லட்சம் மீட்டரில் அதன் மிகச் சிறிய படி ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. எனவே சேமிப்பில் எந்த இழப்பும் இல்லை. திரையில் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் 32 பிட் எண்ணில் வேலை செய்கிறது. அதில் துல்லியத்துக்கு 24 பிட்தான். 14 லட்சத்தில் அதன் படி 0.125 மீட்டர். 3.89 லட்சத்தில் 0.031 மீட்டர். அதாவது திரையில் ஒரு புள்ளி வடக்கு தெற்காக 12.5 சென்டிமீட்டர் கட்டங்களிலும், கிழக்கு மேற்காக 3 சென்டிமீட்டர் கட்டங்களிலும்தான் உட்கார முடியும். வட்டம் கோணுவதும் எழுத்து நடுங்குவதும் இதனால். மில்லிமீட்டரில் வரைந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்: 140 கோடியில் படி 128 மில்லிமீட்டர். அதே கதைதான்.

வட்டம் கோணலாகத் தெரிவதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு, வியூரெஸ் எண் (வளைவைத் திரையில் எவ்வளவு மென்மையாகக் காட்டுவது என்ற அமைப்பு) குறைவாக இருப்பது. இரண்டையும் பிரித்தறிய திரையை மறுபடி வரையவைக்கும் ரீஜென் கொடுத்துப் பாருங்கள். சரியானால் அது வியூரெஸ் விவகாரம். சரியாகாவிட்டால் அந்த வட்டத்தை 0,0 பக்கத்தில் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காகத் தெரிந்தால் காரணம் தூரம். பார்த்ததும் நகலை அழித்துவிடுங்கள். மறந்தால் என்ன ஆகும் என்பது சற்றுக் கீழே வருகிறது.

பரப்பளவுக்கு இதனால் ஆபத்து உண்டா? இல்லை. ஈஸ்டிங்கையும் நார்த்திங்கையும் பெருக்கினால் சுமார் 54,600 கோடி வரும். 64 பிட்டில் அதன் படி 0.00006 சதுர மீட்டர். நூறு முனை இருந்தாலும் பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மையப்புள்ளியும் நிலைமத் திருப்புத்திறனும் அப்படியல்ல. 10 × 20 மீட்டர் கட்டடத்தின் மையத்தைப் பல்கோணச் சூத்திரத்தில் முழுக் கோஆர்டினேட்டுடன் நேரடியாகப் போட்டால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தவறலாம். அதன் நிலைமத் திருப்புத்திறன் 6,667 மீட்டர் நான்கடுக்கு. முழு எண்ணில் போட்டால் பிழையே கோடிக்கணக்கில் போய்விடும். எக்செல்லில் இந்தக் கணக்கைப் போடும் கட்டமைப்புப் பொறியாளர்கள் முதலில் ஒரு மூலையைப் பூஜ்யமாக்கிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

அந்த 20 சதுர மீட்டர்

பரப்பளவுக் குறைவுக்கு மென்பொருளைக் குற்றம் சொல்வது தவறு. அது யு.டி.எம். முறையின் இயல்பு. 44ஆம் மண்டலத்தின் நடு மெரிடியன் (நடுவே ஓடும் தீர்க்கரேகை) 81 டிகிரி கிழக்கு. அங்கே அளவுக் காரணி 0.9996. செங்கல்பட்டு அதிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் மேற்கே இருப்பதால் காரணி 0.99975 அளவுக்கு வருகிறது. தரையில் 1,000 மீட்டர் இருப்பது படத்தில் 999.75 மீட்டர். 10 ஏக்கர் என்பது 40,469 சதுர மீட்டர். காரணியின் இருமடியைப் பெருக்கினால் 20 சதுர மீட்டர் குறைகிறது. சதுர அடியில் 218. விற்பனைக்கு வரும் மனையில் இது சின்ன விஷயம் இல்லை.

சேலம், கரூர் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். அங்கே நடு மெரிடியனிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவிடுவதால் படத்து நீளம் தரை நீளத்தைவிடக் கிலோமீட்டருக்குச் சுமார் 80 சென்டிமீட்டர் கூடுதல். தமிழ்நாட்டைக் கையாள்வோர் மறக்கக் கூடாத இன்னொன்று, 78 டிகிரிக் கோடு மாநிலத்தின் நடுவே ஓடுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திருநெல்வேலி 43ஆம் மண்டலம்; சென்னை, சேலம், கரூர், மதுரை 44. கோட்டின் மேலுள்ள ஒரே இடத்துக்கு ஒரு மண்டலத்தில் ஈஸ்டிங் சுமார் 1,72,000, மற்றதில் சுமார் 8,28,000. இரண்டு சர்வே கோப்புகள் 650 கிலோமீட்டர் விலகி நின்றால் முதலில் மண்டலத்தைக் கேளுங்கள். இ.பி.எஸ்.ஜி. எண் (கோஆர்டினேட் முறையின் குறியீட்டெண்) 32643 அல்லது 32644 எனச் சர்வேயர் படத்திலேயே எழுதித் தரச் சொல்வது நல்லது.

படத்தின் பரப்பைத் தரைப் பரப்பாக்க ஸ்கேல் கட்டளையைப் போடுகிறவர்கள் உண்டு. போடாதீர்கள். பூஜ்யத்தை அடித்தளமாக வைத்து 1.00025ஆல் பெருக்கினால் தளமே வடக்கே 350 மீட்டர் நகர்ந்துவிடும். தரைக் கோஆர்டினேட் தேவையென்றால் அதைச் சர்வேயர்தான், தளத்துக்குள் ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியை நிலையாக வைத்து, தனிக் கோப்பாகத் தர வேண்டும்.

இரண்டு பொட்டு

ஜூம் எக்ஸ்டென்ட்ஸில் தெரிந்த இரண்டு பொட்டில் ஒன்று தளம். மற்றது 0,0 பக்கத்தில் யாரோ விட்டுப்போன பொருள்: ஒரு வெற்று எழுத்து, நகல் எடுத்து மறந்த ஒரு வட்டம், பிடிமோட் (பாயின்டைக் காட்டும் வடிவம்) 0 ஆக இருப்பதால் கண்ணில் படாத ஒரு பாயின்ட். இப்படிச் சேர முக்கிய வழி ஒட்டுதல். சிறிய கோஆர்டினேட்டில் வரைந்த கோப்பிலிருந்து நகலெடுத்து, சர்வே கோப்பில் பேஸ்ட் ஒரிஜ் கொடுத்தால் பொருள் பழைய எண்ணிலேயே, அதாவது 1,456 கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்காரும். திரையில் எதுவும் வராததால் ஒட்டவில்லை என நினைத்து மறுபடி ஒட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நகல் சேரும்.

தேடும் முறை இது. எல்லா லேயரையும் தா (Thaw, ஃப்ரீஸை நீக்குவது) செய்து, அன்லாக் செய்யுங்கள். ஃப்ரீஸ் ஆன லேயரில் இருப்பதை ‘ஆல்’ தேர்வு தொடாது. பிடிமோடை 3 ஆக்கினால் பாயின்டுகள் பெருக்கல் குறியாகத் தெரியும். ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்துவிட்டு செலக்ட் கட்டளையில் ‘ஆல்’ எடுத்து, பிறகு ரிமூவுக்கு ‘ஆர்’ கொடுத்து, தளத்தைச் சுற்றி ஒரு விண்டோ போட்டு அதைத் தேர்விலிருந்து கழியுங்கள். மிச்சம் இருப்பவை அனாதைகள். உடனே அழிக்காமல் ஒரு தனி லேயருக்கு மாற்றிப் பாருங்கள். சில நேரம் அதில் தலைப்புக் கட்டமோ குறிப்பு அட்டவணையோ இருக்கும். பார்த்தபின் அழிக்கலாம். வெற்று எழுத்தையும் நீளமில்லாக் கோட்டையும் பர்ஜ் (பயன்படாதவற்றை நீக்கும் கட்டளை) சன்னலிலேயே தேர்வு செய்து நீக்கலாம். லாக் ஆன லேயரில் அதுவும் வேலை செய்யாது.

உயரம் செய்யும் குழப்பம்

ஃபில்லெட் மறுத்ததற்குக் கோஆர்டினேட் காரணமல்ல. சர்வே புள்ளிகளுக்கு இசட் மதிப்பு உண்டு. புள்ளியிலிருந்து புள்ளிக்கு நோட் ஸ்னாப் (புள்ளியைத் தானாகப் பற்றும் வசதி) பிடித்துக் கோடு போட்டால் கோட்டின் இரு முனையும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். மேலிருந்து பார்க்கையில் சந்திக்கும் இரு கோடுகள் உண்மையில் ஒன்றின்மேல் ஒன்று கடந்து போகின்றன. ஒரே தளத்தில் இல்லாத கோடுகளை ஃபில்லெட் ஏற்காது, கோடுகளைப் பாலிலைனாக (தொடர்கோடாக) இணைக்கும் பிஎடிட் சேர்க்காது, ஹேட்ச் எல்லையும் மூடாது. ட்ரிம் மட்டும் ப்ராஜ்மோட் 1 என்ற வழக்கமான அமைப்பில் கோடுகளைத் தளத்தில் வீழ்த்திப் பார்ப்பதால் வெட்டிவிடுகிறது. ட்ரிம் வேலை செய்கிறதே என்ற நம்பிக்கையில்தான் பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள்.

நீளமும் தப்பும். 30 மீட்டர் வேலியின் இரு முனைக்கும் 2 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் ப்ராப்பர்டீஸ் காட்டும் நீளம் 30.067. அந்த 6.7 சென்டிமீட்டர் சரிவு நீளம்.

சர்வே கோப்பின் உயரங்களை அழிக்கக் கூடாது. மழைநீர் வடிகால் வடிவமைக்க அவைதான் ஆதாரம். வேலைக்கான நகலில் மட்டும் தட்டையாக்குங்கள். எக்ஸ்பிரஸ் டூல்ஸ் உள்ளவர்கள் ஃபிளாட்டன் எடுக்கலாம். ஆனால் அது சில வளைவுகளைப் பாலிலைனாக உடைத்துவிடும். அது இல்லாதவர்களுக்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. வேர்ல்ட் யு.சி.எஸ்.ஸில் (படத்தின் மூல அச்சு முறையில்) நின்றுகொண்டு, மூவ் கட்டளையில் எல்லாவற்றையும் எடுத்து, டிஸ்ப்ளேஸ்மென்டுக்கு எக்ஸ் 0, ஒய் 0, இசட் பத்தின் 99ஆம் அடுக்கு எனக் கொடுங்கள். அந்த எண்ணை 1, அதை ஒட்டி ஆங்கில ‘ஈ’, அதை ஒட்டி 99 எனத் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு அதே எண்ணைக் கழித்தல் குறியோடு கொடுத்துத் திரும்ப இறக்குங்கள். அவ்வளவு பெரிய எண்ணோடு கூட்டும்போது 42.315 போன்ற உயரம் இலக்கங்களில் அடங்காமல் தொலைகிறது. திரும்பக் கழித்தால் சுத்தமான பூஜ்யம். திரையைக் கெடுத்த அதே துல்லிய இழப்பு இங்கே வேலைக்கு உதவுகிறது. கோடு, எழுத்து, பாயின்ட், பாலிலைன் ஆகியவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். பிளாக்குக்கு உள்ளே புதைந்த உயரம் இதில் போகாது. திடப்பொருள்களைத் தேர்வில் சேர்க்கவே வேண்டாம்.

புதிதாக வரையும் கோடுகளுக்கு ஆஸ்னாப் இசட் மாறியை 1 ஆக வைத்துவிட்டால் ஸ்னாப் பிடித்தாலும் உயரம் ஒட்டாது. மனைப்பிரிவு வேலைக்கு இது எப்போதும் 1 ஆகவே இருக்கட்டும்.

ஹேட்ச்

ஹேட்ச் வடிவம் தன் கோடுகளை ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறது. இயல்பில் அது 0,0. நாம் நிற்பதோ 14 லட்சம் மீட்டர் தள்ளி. ஹேட்ச் ஒரிஜினைப் பூங்காவின் ஒரு மூலையில் வைத்தால் பெரும்பாலான சிதறல் போய்விடும். ஹெச்.பி.ஒரிஜின் மாறியில் வைத்தால் அடுத்தடுத்த ஹேட்சுக்கும் அது பொருந்தும். ஏற்கெனவே போட்டவற்றுக்கு ஹேட்ச் செட் ஒரிஜின்.

உள்ளே சொடுக்கி எல்லை தேடுவதைவிட, மூடிய பாலிலைனைப் பொருளாகத் தேர்ந்தெடுப்பது மேல். சொடுக்கும்போது மென்பொருள் திரையிலுள்ள எல்லாக் கோடுகளையும் சோதிக்கிறது. சமஉயரக் கோடு லேயர் திறந்திருந்தால் வேலை பன்மடங்காகும். மூட முடியாத எல்லையை பிஎடிட்டில் மல்டிப்பிள், ஜாயின் கொடுத்து, ஃபஸ் தூரம் 0.005 வைத்து மூடுங்கள். மீட்டர் படத்தில் அது 5 மில்லிமீட்டர். ஹெச்.பி.கேப்டால் மாறியைப் பெரிதாக்கி இடைவெளியை மறைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஹேட்ச் விழுந்துவிடும், எல்லைக்கோடு மூடாமலே இருக்கும், பரப்பளவு அட்டவணை போடும்போது அது மறுபடி கழுத்தைப் பிடிக்கும்.

கறுப்புத் திட்டு வேறு காரணம். ஏ.என்.எஸ்.ஐ. 31 வடிவத்தின் கோட்டு இடைவெளி மெட்ரிக் கோப்பில் 3.175 அலகு, அங்குலக் கோப்பில் 0.125 அலகு. எதை எடுக்க வேண்டும் என்பதை மெஷர்மென்ட் மாறி தீர்மானிக்கிறது. மீட்டரில் வரைந்து 1:500இல் அச்சிடும் படத்தில் ஹேட்ச் ஸ்கேல் 0.5 என்றால், மெஷர்மென்ட் 1 ஆக இருக்கையில் தாளில் 3.175 மில்லிமீட்டர் இடைவெளி வரும், அழகாக இருக்கும். அதே 0.5, மெஷர்மென்ட் 0 ஆக இருந்தால் தாளில் 0.125 மில்லிமீட்டர். கறுப்புதான்.

நகர்த்தாமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது

இப்போது மையமான வேலை. முதலில் ஒரு பெயர்வு எண்ணை (உண்மை எண்ணிலிருந்து கழிக்கும் எண்ணை) முடிவு செய்யுங்கள்: ஈஸ்டிங் 389000, நார்த்திங் 1403000. முழு ஆயிரமாக இருக்கட்டும். அப்போது உள்ளூர் எண்ணைப் பார்த்தே உண்மை எண்ணை வாயால் சொல்லிவிடலாம். தளத்தின் ஒரு மூலைக்கல்லைப் பூஜ்யமாக எடுப்பவர்கள் 389312.467 போன்ற எண்ணில் மாட்டிக்கொள்கிறார்கள். யாராவது அந்தக் கடைசி 7ஐ விட்டுவிடுவது உறுதி. திட்டத்தில் உள்ள எல்லோருக்கும், சாலை, மின்சாரம், குடிநீர் எதுவானாலும், இதே ஒரு ஜோடி எண்.

சர்வே கோப்பை ரீட் ஒன்லி ஆக்கிவிட்டு, புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, அலகைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸை 6 ஆக, அதாவது மீட்டராக, வையுங்கள். எக்ஸ்அட்டாச் கட்டளையில் சர்வே கோப்பை எக்ஸ்ரெஃபாக (வெளிக்கோப்பு இணைப்பாக), ஓவர்லே முறையில் இணையுங்கள். செருகுபுள்ளி எக்ஸ் −389000, ஒய் −1403000, இசட் 0, ஸ்கேல் 1, சுழற்சி 0. பாதை ரிலேட்டிவ். அந்த எக்ஸ்ரெஃப் இருக்கும் லேயரை லாக் செய்யுங்கள். எல்லைக்கோடு கையில் வேண்டுமென்றால் என்காப்பி கட்டளை எக்ஸ்ரெஃபுக்குள் இருப்பதை இடம் மாறாமல் இந்தக் கோப்புக்கு எடுத்துத் தரும். இனி வரைவதெல்லாம் 0 முதல் சில நூறு மீட்டர் வரையிலான சின்ன எண்ணில்.

மில்லிமீட்டரில் வேலை செய்யும் கட்டட வரைவாளர் இணைக்கும்போது கவனம் வேண்டும். இன்ஸ்யூனிட்ஸ் அவர் கோப்பில் 4, சர்வே கோப்பில் 6 என்றிருந்தால் மென்பொருளே ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளும். ஆனால் செருகுபுள்ளி அவருடைய அலகில்தான் படிக்கப்படும்: −389000000, −1403000000. ஏதாவது ஒரு கோப்பில் இன்ஸ்யூனிட்ஸ் 0 ஆக இருந்தால் தானாகப் பெருக்குவதை நம்ப முடியாது. முதலில் இரண்டிலும் அலகை நிறுவுங்கள்.

சர்வே கோப்பிலேயே இன்ஸ்பேஸ் மாறியை 389000,1403000 ஆக்கிவிட்டால், இணைப்பவர் 0,0 கொடுத்தாலே போதும் என்ற குறுக்குவழியும் உண்டு. வசதிதான். ஆனால் அந்தக் கோப்பை உண்மைக் கோஆர்டினேட்டில் இணைக்க நினைக்கும் இன்னொருவருக்கும் அது நகர்ந்தே வரும், அதுவும் சொல்லாமல். வெளியே போகும் கோப்பில் இதைச் செய்ய வேண்டாம்.

ஏற்கெனவே பெரிய எண்ணில் வரைந்து முடித்த சாலையையும் மனையையும் என்ன செய்வது? மூவ் வேண்டாம், டபிள்யூபிளாக் போடுங்கள். வரைந்த பொருள்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பேஸ் பாயின்டுக்கு 389000, 1403000 எனத் தட்டச்சு செய்து, தனிக் கோப்பாக எழுதுங்கள். அந்தப் புள்ளி புதிய கோப்பில் 0,0 ஆகிவிடும். பயன்படாத பிளாக், லேயர், ஸ்டைல் எல்லாம் பழைய கோப்போடு தங்கிவிடும். இடம்பெயர்ப்பும் சுத்தமும் ஒரே கட்டளையில். லேஅவுட் தாள்கள் மட்டும் கூட வராது; அவற்றை டிசைன் சென்டர் வழியே இழுத்துக்கொண்டால் வியூபோர்ட்டுகள் (தாளில் படத்தைக் காட்டும் சன்னல்கள்) பழைய இடத்தைப் பார்த்தபடி வெறுமையாக நிற்கும். ஒவ்வொரு வியூபோர்ட்டையும் அன்லாக் செய்து, உள்ளே போய், முன்னால் கழித்தல் குறி சேர்த்த பேன் கட்டளைக்கு முதல் புள்ளி 0,0 எனவும் இரண்டாவது 389000,1403000 எனவும் கொடுத்தால் காட்சி திரும்பிவிடும். ஸ்கேல் மாறாது.

இப்படி எண்ணைத் தட்டச்சு செய்யும் எல்லா இடத்திலும் இரண்டு பொறி காத்திருக்கிறது. ஒன்று, டைனமிக் இன்புட். அது இயங்கும்போது இரண்டாவது புள்ளியாக 0,0 கொடுத்தால் ‘முதல் புள்ளியிலிருந்து 0 தூரம்’ என்று பொருள் கொள்ளும், பொருள் அசையாது. முன்னால் # குறி போட்டு #0,0 எனக் கொடுக்க வேண்டும், அல்லது எஃப்12ஐ அழுத்தி நிறுத்த வேண்டும். மற்றது, எக்செல்லிலிருந்து நகலெடுத்து ஒட்டும் எண். 3,89,300 எனக் காற்புள்ளியோடு வந்தால் ஆட்டோகேட் அதை எக்ஸ் 3, ஒய் 89, இசட் 300 என்று படித்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். பூஜ்யத்தருகே கிடக்கும் அனாதைப் புள்ளிகளில் இப்படி வந்தவையும் உண்டு. எக்செல் கலத்தில் காற்புள்ளிப் பிரிப்பை நீக்கி, தசமம் மூன்று இலக்கம் காட்டும்படி வைத்த பிறகே நகலெடுங்கள். கலத்தில் தெரியும் இலக்கம்தான் ஒட்டப்படும்.

நகர்த்தியாயிற்றா, சரியா என்று பார்க்க இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் போதும், தளத்தின் எதிரெதிர் முனைகளில். ஐடி கட்டளையில் உள்ளூர் எண்ணைப் படித்து, பெயர்வு எண்ணைக் கூட்டினால் சர்வேயரின் பட்டியலோடு மில்லிமீட்டர் வரை பொருந்த வேண்டும். ஒரு புள்ளி மட்டும் பார்த்தால் சுழற்சிப் பிழை தப்பிவிடும்.

புலப்படத்தை (வருவாய்த்துறையின் நில அளவை வரைபடத்தை) மேலே பொருத்த அலைன் கட்டளை பயன்படுத்தும்போதும் இதே கவனம் தேவை. இரண்டு ஜோடிப் புள்ளி கொடுத்தபின் ‘ஸ்கேல் செய்யவா’ என்று கேட்கும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் அது கண்ணில் படட்டும். நீட்டிச் சுருக்கிப் பொருத்திய எல்லைக்கு எந்தப் பக்க நீளமும் ஆதாரத்தோடு ஒத்துவராது.

தளத்துக்குத் திரும்பக் கொடுப்பது

கல் நடுவோருக்கு உள்ளூர் எண் உதவாது; அவர்கள் கருவியில் இருப்பது உண்மைக் கோஆர்டினேட். வடிவமைப்புக் கோப்பில் யு.சி.எஸ். கட்டளை கொடுத்து, ஒரிஜினை −389000,−1403000 இல் வைத்து, ‘களம்’ என்ற பெயரில் சேமியுங்கள். அந்த யு.சி.எஸ்.ஸை நடப்பாக்கியதும் ஐடி கட்டளை 389 ஆயிரத்திலும் 1403 ஆயிரத்திலும் படிக்கும். ஆர்டினேட் டைமென்ஷனும் யு.சி.எஸ். ஒரிஜினிலிருந்துதான் அளக்கிறது என்பதால், ‘களம்’ நடப்பில் இருக்கையில் போட்ட லேபிள்கள் உண்மை ஈஸ்டிங், நார்த்திங்கைக் காட்டும். வரைய வேண்டியிருந்தால் வேர்ல்டுக்குத் திரும்பிவிடுங்கள். யு.சி.எஸ். என்பது படிக்கும் அளவுகோலை மட்டும் மாற்றுகிறது, சேமித்த எண்ணைத் தொடுவதில்லை. அதனாலேயே, பெரிய எண்ணில் உள்ள கோப்பில் யு.சி.எஸ்.ஸை மட்டும் தளத்துக்கு நகர்த்தித் திரை நடுக்கத்தைத் தீர்க்க முடியாது.

சாலை சாய்ந்திருக்கிறது, தாளில் நேராக வர வேண்டும் என்பதற்காகப் படத்தைச் சுழற்றவும் வேண்டாம். யு.சி.எஸ்.ஸைச் சாலைக்கு இணையாக்கி, வியூபோர்ட்டுக்குள் பிளான் கொடுத்தால் தாளில் நேராகும், நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ரெவிட் என்ற கட்டட மாதிரி மென்பொருளுக்குப் போகும் கோப்பு என்றால் இந்த ஏற்பாடு கட்டாயம். உள் பூஜ்யத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் வடிவங்கள் இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. உள்ளூர் எண்ணில் உள்ள கோப்பை லிங்க் செய்து, உண்மை எண்ணைப் பகிர்வுக் கோஆர்டினேட்டாக நிறுவுவதே வழி.

கனம் குறைப்பது

டபிள்யூபிளாக்கில் பாதி கனம் போயிருக்கும். மிச்சத்துக்கு, முதலில் ஆடிட் கொடுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லுங்கள். அடுத்து பர்ஜ், ஒன்றும் மிஞ்சாத வரை. உள்ளடுக்குப் பிளாக் ஒன்று போனால்தான் அடுத்தது வெளியே தெரியும். பல கோப்புகள் கலந்த படங்களில் ரெஜ்ஆப் எனும் பதிவுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும். அவற்றைக் கழித்தல் குறி சேர்த்த பர்ஜ் கட்டளையில் ‘ஆர்’, நட்சத்திரக் குறி, ‘என்’ என்று கொடுத்து நீக்க வேண்டும். பழைய எக்ஸ்ரெஃப்களால் பெருகிய ஸ்கேல் பட்டியலை, கழித்தல் குறியோடு ஸ்கேல் லிஸ்ட் எடிட் கொடுத்து ரீசெட் செய்யுங்கள். மைக்ரோஸ்டேஷன் என்ற வேறு வரைவு மென்பொருள் வழியே வந்த கோப்பானால் அதன் டி.ஜி.என். கோட்டு வகைகள் ஒட்டுண்ணியாகத் தொற்றியிருக்கலாம். ஒரே ஒரு கோட்டை நகலெடுத்து ஒட்டினாலும் அவை கூடவே வந்துவிடும் என்பதால், சுத்தமான கோப்புக்குச் சந்தேகமான கோப்பிலிருந்து எதையும் ஒட்ட வேண்டாம்.

சிவில் 3டி-யிலிருந்து நேராக வந்த படமாக இருந்தால் திறக்கும்போதே ப்ராக்ஸி (இந்த மென்பொருளுக்குத் தெரியாத பொருள்) எச்சரிக்கை வரும். அந்தப் பொருள்களை இங்கே வெடிக்க வைத்துப் போராடுவதைவிட, எக்ஸ்போர்ட் டு ஆட்டோகேட் மூலம் சாதாரணக் கோடுகளாக்கித் தரும்படி சர்வேயரைக் கேட்பது மேல். கேட்கும்போதே மண்டல எண், கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் பட்டியல், அலகு மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பெயர்வு எண்ணையும் அவருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அதே ஜோடி எண் ஒவ்வொரு தாளின் தலைப்புக் கட்டத்திலும், வடக்குக் குறிக்குக் கீழே, அச்சில் வாசிக்கும் அளவில் இருக்கட்டும்.